டர்பனில் ஓர் ஒத்திகைக் கூடம்

திங்கள், சாட்ஸ்வொர்த்

டர்பனில் சிற்றரங்க நாடகம் போடும் ஒரு குழுவோடு இந்த வாரம் இருக்கப்போகிறேன். அன்றன்று இரவு எழுதிப் போடுவதாக எண்ணம். முடிந்த நாடகத்தைப் பார்ப்பதைவிட, அது இன்னும் பிடிபடாமல் தரையில் உருண்டுகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். வந்தவாசிப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளோடும் கூத்துக் கலைஞர்களோடும் நாடகம் செய்கிறவள் நான். இங்கே வந்ததும் அதற்காகத்தான்.

குழு என்றால் மூன்றே பேர். இயக்குநர் அக்கா வாரநாட்களில் பள்ளி ஆசிரியை. ஞாயிறு காலையில் கோயில் பாடசாலையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். நடிகை இளம்பெண், பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசி வேலை. ஒளியையும் ஒலியையும் பார்த்துக்கொள்பவர் டர்பன் புறநகரான உம்லாசியிலிருந்து வரும் ஜூலு இளைஞர். அவரும் நல்ல நடிகர் என்று அக்கா சொன்னார். ஆனால் இந்த நாடகத்தில் அவருக்கு இடம் விளக்குப் பலகைக்குப் பின்னால்தான். பெயர் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நாடகத்தில் வரும் குடும்பங்கள் இன்னும் இதே தெருக்களில் இருக்கின்றன.

நாடகம் கேட்டோ மேனர் பற்றியது. டர்பனின் மேற்கே உள்ள மேட்டுப் பகுதி அது. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த நம் ஆட்கள் அங்கே நிலம் வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் காய்கறி போட்டார்கள், வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள். 1950இல் வந்த இனவாரிப் பகுதிச் சட்டம் அந்த இடத்தை வெள்ளையருக்கு என்று ஒதுக்கியது. வீடுகளை இடித்தார்கள். 1960களில் லாரி லாரியாக மக்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம்தான் நான் இப்போது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இந்த சாட்ஸ்வொர்த். ஆப்பிரிக்கர்களை க்வாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பினார்கள்.

நடிகை ஒருவர், நீளமான மரப் பெஞ்சு ஒன்று. மேடையில் வேறு எதுவும் கிடையாது.

செவ்வாய், நகரம்

ஒத்திகை மாலையில்தான் என்பதால் அக்கா பள்ளிக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு என்னை நகரத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் ஜோஹன்னஸ் ந்கோசி தெரு. பழைய பெயர் ஆலிஸ் தெரு. அங்கே ஸ்டேபிள் தியேட்டர் இருக்கிறது. கெஸ்ஸி கோவிந்தர் தொடங்கிய அரங்கம். கொத்தனார் வேலை செய்தபடியே நாடகம் எழுதிய மனிதர் அவர். செங்கல் அடுக்கும் கையால் எழுதியதால்தான் அவருடைய ஆட்கள் மேடையில் உண்மையாகப் பேசினார்கள் என்பது அக்காவின் கட்சி. 1965இல் வந்த அரசாணை, வெவ்வேறு இனத்தவர் ஒரே மேடையில் நடிப்பதையும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்ப்பதையும் தடுத்தது. பெரிய அரங்கங்கள் வெள்ளையருக்கு. நம் ஆட்களுக்கு மிஞ்சியது பள்ளிக் கூடங்களும் சமூகக் கூடங்களும்தான். கேட்டோ மேனரில் 1934இல் பிறந்த ரோனி கோவிந்தரும் அப்படிப்பட்ட கூடங்களில்தான் நாடகத்தை வளர்த்தார். தன் ஊர்க்காரர்கள் பேசும் ஆங்கிலத்தையே மேடைமொழி ஆக்கியவர் அவர். கறிவேப்பிலை வாசம் அடிக்கும் ஆங்கிலம்.

அங்கிருந்து கரீஸ் ஃபவுண்டன் மைதானம். 1974 செப்டம்பரில் மொசாம்பிக் விடுதலையைக் கொண்டாட அங்கே கூட்டம் கூடியது. அதைத் தொடர்ந்து கைதானவர்களில் ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் இருந்தார்கள். இருவரும் டர்பனில் நாடகக் குழு நடத்தியவர்கள். பின்னால் நடந்த வழக்கில் அவர்கள் வட்டாரத்தின் நாடகங்களையும் கவிதைகளையும் அரசுத் தரப்பு சாட்சியமாக வைத்தது. கடைசியில் ஒன்பது பேர் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். வேலிக்கு வெளியே நின்றுகொண்டு அக்கா இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பது பேர் பார்க்கும் நாடகத்துக்கு அவ்வளவு பலம் உண்டு என்று அந்த அரசு நம்பியிருக்கிறது. நாடகம் செய்கிற நாம் அதில் பாதியாவது நம்ப வேண்டும்.

மதியம் கால் ரொட்டி பன்னி சாவ், ஆட்டுக்கறி. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருகிறார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும். அப்புறம் ஒத்திகை தாமதமாகத் தொடங்கி, சீக்கிரமே முடிந்துவிட்டது. நடிகைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

புதன், சாட்ஸ்வொர்த்

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

இவர்கள் பிரதியை எழுதி வைத்துக்கொண்டு ஒத்திகை தொடங்குவதில்லை. அக்கா ஒரு வருடமாக முதியவர்களிடம் பேசிப் பதிவு செய்து கைபேசியில் வைத்திருக்கிறார். அவர்களில் ஒரு பாட்டி, இவர்கள் ஆயா என்கிறவர், சொன்ன கதைதான் நாடகத்தின் நடு. நடிகை காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டபடியே, கேட்கிற கணத்திலேயே, திருப்பிச் சொல்ல வேண்டும். மனப்பாடம் கிடையாது. இருமினால் இருமல், தயங்கினால் தயக்கம், நடுவில் பேரனைத் திட்டினால் அந்தத் திட்டும். இப்படியே பல நாள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவார்கள். அப்போது நடிகையின் வாயில் எது தங்கியிருக்கிறதோ அதுதான் பிரதி. தங்காதது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நான் முதலில் சந்தேகப்பட்டேன். நல்ல வரி ஒன்று தங்காமல் போய்விட்டால்? அக்கா சொன்னார்: "போகும். போனதை நினைச்சு நான் அழுவேன். ஆனா தங்கினதை ஆயா கேட்டா, 'நான் இப்படித்தான் சொன்னேன்'னு சொல்லணும். அது போதும்."

இந்த நாட்டுக்கு இந்த வழி புதிதல்ல. நடிகர்களும் இயக்குநரும் வெறும் தரையில் நின்று, தங்கள் அனுபவத்திலிருந்தே நாடகத்தைக் கட்டுவது 1972இல் நாடக ஆசிரியர் அதோல் ஃபுகார்டும் நடிகர்கள் ஜான் கானியும் வின்ஸ்டன் ந்ட்ஷோனாவும் சேர்ந்து செய்தது. 1981இல் ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் நடிகர்கள் பெர்சி ம்ட்வாவும் ம்பொங்கெனி ந்கெமாவும் இயக்குநர் பார்னி சைமனோடு சேர்ந்து அதையே செய்தார்கள். இரண்டே பேர் ஒரு நாட்டையே நடித்துக் காட்டினார்கள். அந்த மார்க்கெட் தியேட்டர் கட்டடம் 1913இல் இந்தியப் பழச் சந்தையாகக் கட்டப்பட்டது என்பது எனக்குப் பிடித்த தகவல்.

சரி, மொழிக்கு வருகிறேன். சாமியிடமும் பிள்ளைகளிடமும் பேசுவது தமிழ். அதிகாரியிடம் பேசுவது ஆங்கிலம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஜூலு. மொழிபெயர்ப்புத் திரை கிடையாது. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழ் புரியாது, இந்திய வம்சாவளியினரையும் சேர்த்துத்தான். அதனால் ஒவ்வொரு தமிழ் வரியையும் விளக்குப் பலகைத் தம்பியிடம் சோதிக்கிறார்கள். நடிகை தமிழில் சொல்வார். என்ன நடந்தது என்று தம்பி சொல்ல வேண்டும். அவருக்குப் புரியவில்லை என்றால் வரியை மாற்றுவதில்லை. நிற்கும் விதத்தை, பெஞ்சைப் பிடிக்கும் விதத்தை மாற்றுகிறார்கள். ஒரு வரிக்கு இன்று முக்கால் மணி நேரம் போனது. "அடுப்பை அணைச்சிட்டு வா" என்பதுதான் வரி. வீட்டை இடிக்க ஆள் வந்து நிற்கும்போது ஆயாவின் அம்மா சொன்னது. கடைசியில் நடிகை அதைத் திரும்பிப் பார்க்காமல், முன்னால் நிற்கும் அதிகாரியின் மீது கண்ணை வைத்தபடி சொன்னார். தம்பி உடனே சொன்னார்: "வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. இந்தம்மா அவனை உள்ளே விடமாட்டாங்க."

இதற்கு அடுத்த காட்சியில்தான் தகராறு.

1949 ஜனவரி. நகரச் சந்தைப் பக்கம் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரம் கேட்டோ மேனர்வரை பரவியது. 142 பேர் இறந்தார்கள். அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். நாடகத்தில் ஆயா அப்போது பத்து வயதுப் பெண். அவர்கள் வீட்டுக் கொட்டகையில் குடியிருந்த ஜூலு பெண் அவளையும் அவளுடைய தம்பியையும் தன் அறைக்குள் ஒளித்து வைக்கிறாள். ஜூலு பெண்ணாகவும் இதே நடிகைதான் மாறுகிறார்: தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, குடத்தோடு நடந்து வந்து, குழந்தைகளை ஒளித்துவிட்டு, போய்விடுகிறார். அழகான நடிப்பு. எனக்குக் கண் கலங்கியது.

விளக்குப் பலகைத் தம்பி விளக்கை முழுக்கப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"என் பாட்டி மாதிரி ஒருத்தி உங்க நாடகத்துல தண்ணி எடுத்துட்டு வர்றா, உங்க பிள்ளையைக் காப்பாத்துறா, போறா. அவ எங்கே தூங்கினா? யாருக்குக் காசு கொடுத்தா? எவ்வளவு கொடுத்தா? அது ஏன் இல்லை?"

அக்கா, ஆயா அதைச் சொல்லவில்லை என்றார். "நீங்க கேட்டீங்களா?" என்றார் தம்பி. அக்கா பதில் சொல்லவில்லை. நடிகை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கேட்டோ மேனரில் இந்திய நிலக்காரர்கள் பலர் ஆப்பிரிக்கர்களுக்குக் கொட்டகை போட்டு வாடகைக்கு விட்டவர்கள். ஒரே வாய்க்கால், ஒரே மேடு, ஆனால் வாடகை ஒரு பக்கமாகத்தான் போனது. அதை விட்டுவிட்டு அவளுடைய நல்ல மனதை மட்டும் எடுத்துக்கொள்வது அவளை நன்றி சொல்வதற்கான பொம்மை ஆக்கிவிடும். தம்பி சொன்னது முழுக்கச் சரி என்று எனக்குப் படுகிறது; அதைச் சொன்னேன். அக்காவின் சங்கடமும் பொய்யில்லை. ஆயா நம்பிக் கொடுத்த கதை அது. அவருக்குத் தெரியாமல் அதில் கணக்குப் பார்க்க முடியாது.

இன்னொரு சிக்கல், காசு. அந்தப் பெண்ணாகத் தம்பியே நடிக்கலாம் என்று நடிகைதான் முதலில் சொன்னார். ஆனால் மக்காண்டா ஊரில் நடக்கும் தேசியக் கலை விழாவின் ஃபிரிஞ்ச் பிரிவுக்குப் போகிறார்கள்; செலவும் நட்டமும் குழுவின் தலையில். விளக்குக்கு இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. தனிநபர் நாடகங்கள் இவ்வளவு பெருகியிருப்பதற்குப் பாதிக் காரணம் கலையல்ல, பெட்ரோல் செலவு. நம் ஊரிலும் அதே கதைதான்.

எதுவும் முடிவாகாமல் கிளம்பினோம்.

வியாழன், ஆயாவின் வீடு

அக்கா இன்று தம்பியையும் கூட்டிக்கொண்டே ஆயாவைப் பார்க்கப் போனார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம்.

ஆயா எண்பதைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததும் "இன்னா கண்ணு, எந்த ஊரு?" என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படியே. 1860இல் சென்னையிலிருந்து வந்த முதல் கப்பல் ட்ரூரோவில் தொடங்கி, வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளமாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆயாவின் தாத்தா கிரிமிட், அதாவது தோட்ட ஒப்பந்தம், முடித்துவிட்டு கேட்டோ மேனரில் கீரை போட்டவர்.

அக்கா நேரடியாகவே கேட்டார்: "ஆயா, கொட்டகையில இருந்தவங்ககிட்ட வாடகை வாங்கினீங்களா?"

"வாங்கினோமே. ஏன் வாங்காம? நாலு ரூமு. தகரம்தான். மழை பேஞ்சா ஒழுகும்." எந்தத் தயக்கமும் இல்லை. இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார். "நீ கேக்கலியே."

அப்புறம் ஆயா தம்பியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அந்த ராத்திரி அந்தப் பெண் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டதையும், வெளியே வந்து நின்றவர்களிடம் என்னவோ சொல்லித் திருப்பி அனுப்பியதையும் மறுபடி சொன்னார். இது பதிவில் ஏற்கனவே இருக்கிறது. அதற்கு அடுத்து வந்ததுதான் இல்லை.

"அந்த மாசமும் அப்பா வாடகை வாங்கினாரு."

தம்பிக்கு நடிகை மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் ஜூலுவில் ஏதோ கேட்டார். ஆயா ஜூலுவிலேயே பதில் சொன்னார். வேகமான, பழகிய ஜூலு. இருவரும் பத்து நிமிடம் பேசினார்கள். எங்களுக்குப் புரியவில்லை; யாரும் குறுக்கிடவும் இல்லை. இதை மேடையில் வைக்கலாமா என்று அக்கா கடைசியில் அனுமதி கேட்டார். "வையி. எங்கப்பா கெட்டவரு இல்ல. அதையும் வையி."

வெள்ளி, கேட்டோ மேனர்

நடிகைக்கு விடுமுறை இல்லை. நானும் அக்காவும் மட்டும் வுசி ம்சிமேலா சாலையில் (பழைய பெயர் பெல்லேர் சாலை) உள்ள அம்பலவாணர் ஆலயத்துக்குப் போனோம். முதலில் உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் கட்டியது. 1905 வெள்ளத்தில் போனது. இப்போதைய கட்டடம் 1947இல் எழுந்தது. சுற்றிலும் வீடுகளை இடித்துத் தள்ளிய காலத்திலும் கோயில் நின்றது. புனித வெள்ளி விடுமுறையில் இங்கே தீமிதி நடக்கும். எங்கெங்கோ சிதறிய குடும்பங்கள் அன்றைக்குத் திரும்பி வரும்.

அங்கே ஒரு பெரியவரைப் பார்த்தோம். இளவயதில் தெருக்கூத்து ஆடியவர். இங்கே அதை சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்கிறார்கள். நான் வந்தவாசி என்றதும் மனிதர் திரௌபதி வேஷத்துக்கு ஒரு அடி போட்டுக் காட்டினார், கைத்தடியோடு! கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. எங்கள் ஊர்ப் பங்குனி, சித்திரையில் விடிய விடியப் பார்க்கும் அதே அடி. பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: தொண்டை போன பிறகு ஆடுவதை விட்டுவிட்டேன், பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கூத்தில் அப்படித்தான். பின்பாட்டுக்காரர்களும் மேளக்காரரும் ஆடுகளத்திலேயே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். வேஷக்காரன் கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் வரும். அவர்கள் ஒளிந்திருப்பதில்லை.

அக்கா என் கையைப் பிடித்தார். "விளக்குப் பலகையை மேடைக்குக் கொண்டு வந்துடலாம், இல்ல?"

சனி, சாட்ஸ்வொர்த்

காலையிலிருந்து இரவுவரை ஒத்திகை. நடுவில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. சார்ஜ் போட்ட அவசர விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு செய்தார்கள். மக்காண்டாவில் கரண்ட் போனாலும் இப்படியே நடத்திவிடலாம் என்று அக்காவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

விளக்குப் பலகை பெஞ்சின் ஒரு முனைக்கு வந்துவிட்டது. தம்பி அங்கேயே உட்கார்ந்துகொண்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தபடி, அந்தப் பெண்ணாகப் பேசுகிறார். தலைத்துணி இல்லை, குரலை மாற்றவில்லை, நடந்து வருவதும் இல்லை. யார் எப்போது வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்பதை அவர் கைதான் தீர்மானிக்கிறது. இதை யாரும் திட்டமிடவில்லை. விளக்கை மாற்ற வேண்டிய இடம் (கியூ) ஒன்று தவறி, ஆயாவின் அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விளக்கைக் குறைத்தார். அக்கா "அப்படியே இருக்கட்டும்" என்று கத்தினார்.

நடிகை கொஞ்சம் வருத்தமாக இருந்தார். அந்தப் பெண்ணின் நடையைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது அது முழுக்கப் போய்விட்டது. அதை மறைக்காமல் சொன்னார். தம்பி அவரை அந்த நடையை ஒரு தடவை நடந்து காட்டச் சொல்லி, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

வாடகைக் காட்சி இப்போது இருபது வினாடி. நடிகை ஆயாவின் அப்பாவாக வந்து கையை நீட்டுகிறார். தம்பி சில்லறையை உள்ளங்கையில் வைக்கிறார். அவர் எண்ணுகிறார். அவ்வளவுதான். முந்தைய ராத்திரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஞாயிறு, பாடசாலைக் கூடம்

பாடசாலை முடிந்த பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, கதை சொன்ன குடும்பங்களுக்கு மட்டும் முழு நாடகத்தையும் நடத்திக் காட்டினார்கள். எந்த விழாவுக்குப் போவதற்கு முன்னாலும் இது கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். தம்பி உம்லாசியிலிருந்து தன் அம்மாவையும் அத்தையையும் கூட்டி வந்திருந்தார். என் கண் மேடையைவிட அவர்கள் மேல்தான் இருந்தது. வாடகைக் காட்சியில் அவருடைய அத்தை முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

முடிந்ததும் தட்டு நிறைய வடையும் தேநீரும் வந்தன. கருத்துச் சொல்லத் தொடங்கினார்கள். இதை ஒரு சடங்காகச் செய்வதில்லை. அக்கா நோட்டுப் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார், குறுக்கே பேசுவதில்லை. ஒருவர் லாரிக் காட்சி நீளம் என்றார். சரியான குறை, எனக்கும் தோன்றியது. தம்பியின் அம்மா, அந்தப் பெண்ணுக்கு ஏன் பெயரே இல்லை என்று கேட்டார். ஆயாவுக்கு அந்தப் பெயர் நினைவில் இல்லை. பெயர் நினைவில்லை என்பதையே ஆயா மேடையில் சொல்லட்டும் என்றார் நடிகை. அது சேர்ந்துவிட்டது.

கடைசியில் ஆயா பேசினார்.

"அந்தப் பொண்ணு கையை நீட்டுது பாரு, வாடகைக்கு. நாங்க கையை நீட்ட மாட்டோம். திண்ணையில பிஸ்கட் டப்பா இருக்கும். அவங்க வந்து போட்டுட்டுப் போவாங்க. அப்பா பொழுது சாஞ்சி எண்ணுவாரு."

அக்கா எழுதிக்கொண்டார். நடிகை அப்போதே எழுந்து பெஞ்சில் இல்லாத டப்பாவை வைத்துப் பார்த்தார். கையை நீட்டுவதைவிட இது கடுமையாக இருந்தது. வாங்குகிறவர் அங்கே இருக்கவே வேண்டியதில்லை, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எந்த நாடக ஆசிரியர் யோசித்தும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தம்பி ஜூலுவில் ஒன்று கேட்டார். காசு போடும்போது அவள் ஏதாவது சொல்வாளா? ஆயா யோசித்தார்.

"'மாசம் பொறந்துடுச்சி, எண்ணிக்கோ'ன்னு சொல்லும். தமிழ்லதான். அது எங்களாண்ட தமிழ்தான் பேசும்."

சுவரில் ஒட்டியிருந்த மொழி அட்டையை அக்கா கிழித்தார். சாமிக்கும் பிள்ளைக்கும் தமிழ், பக்கத்து வீட்டுக்கு ஜூலு என்ற ஏற்பாடு அங்கேயே முடிந்தது. அந்தப் பெண் நான்கு இடங்களிலாவது தமிழ் பேச வேண்டும், எந்த நான்கு என்று இரவு எட்டரைவரை வாதாடினார்கள். ஒளித்து வைக்கும் காட்சியில் குழந்தைகளிடம் தமிழ், வெளியே நிற்பவர்களிடம் ஜூலு என்று முடிவானது. தம்பிக்கு ழகரமும் றகரமும் வர வேண்டும். சுத்தமாக வரத் தேவையில்லை, ஆயாவின் வீட்டில் கேட்டுப் பழகியவர் பேசுவதுபோல் வந்தால் போதும் என்கிறார் அக்கா. அது இன்னும் கடினம். எனக்கு விமானம் நாளை மாலையில்தான். காலை ஏழு மணிக்கு உம்லாசியிலிருந்து வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார் தம்பி. ஆயாவின் பதிவையும் ஹெட்ஃபோனையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.